தொண்ணூற்று நான்கு சதவீத மாப்பிள்ளை

மார்கழியில் பெண் பார்க்கப் போகக் கூடாது என்றிருந்த காலம் போய், மார்கழியில்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. வெயிலில் பயணம் செய்தால் போன் சூடாகும். சூடானால் பேட்டரி தேயும். தேய்ந்த பேட்டரியோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க யாருக்குத்தான் மனசு வரும்? அதற்காகச் சனங்கள் நல்ல நேரம் பார்ப்பதை விட்டுவிடவில்லை. வெப்பமானியையும் சேர்த்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

லித்தியம் தட்டுப்பாடு வந்த பிறகு போட்ட சட்டம் எளிமையானது. பதினெட்டு வயதில் ஆளுக்கு ஒரு போன். அடுத்தது நாற்பத்தைந்தில். அதோடு சரி. நடுவில் பேட்டரி மாற்ற முடியாதபடி ஒட்டி மூடியிருக்கும். பஸ், ரேஷன், ஆஸ்பத்திரி, ஆபீஸ் கேட் எல்லாம் அந்தப் போனைக் காட்டினால்தான் திறக்கும். பேட்டரியின் ஆரோக்கியம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்தப் போனை அரசாங்கம் நம்பாது. தெருவில் நட்டிருக்கும் சார்ஜ் கம்பத்தில் செருகியிருக்கும்வரைதான் அது செல்லும். பிடுங்கினால் வெறும் கண்ணாடித் துண்டு. பஸ்ஸுக்குள் கம்பம் கிடையாது. ஆகவே கம்பத்துக்காரர்கள் எங்கே போவதானாலும் நடந்தார்கள்.

ஒரு சலுகையும் வைத்திருந்தார்கள். எண்பதும் அதற்கு மேலும் உள்ளவர், தன் குடும்பத்தில் இன்னொருவரைத் தன் போனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒருவரை. அப்படிச் சேர்ந்தவர் கேட்டில் பேரைச் சொன்னாலே போதும், திறக்கும். இதற்குச் சனங்கள் 'சுமப்பது' என்று பேர் வைத்தார்கள். அதன் பிறகு கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி, பையன் எத்தனை சதவீதம் என்பதுதான். குளிரில் பேட்டரி அவ்வளவாகத் தேயாது என்பதால் ஊட்டி, குன்னூர் மாப்பிள்ளைகளுக்கு ஏக கிராக்கி. வேலூர்ப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சித்திரை மாதத்தில் அந்த ஊரில் மனிதர்களே தேய்ந்துபோகிறார்கள்.

அப்படி ஒரு மார்கழிக் காலையில்தான் குன்னூரிலிருந்து நிரஞ்சனும் அவன் அம்மா சுகன்யாவும் வேலூருக்கு வந்து இறங்கினார்கள். கூடவே தரகர் பாலமுரளி. பையன் தொண்ணூற்று நான்கு. முப்பத்து மூன்று வயதில் தொண்ணூற்று நான்கு என்பது ஊரே திரும்பிப் பார்க்கிற எண்.

பெண் தமயந்தி. காட்பாடியில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வெற்றிலை, பூ, வாழைப்பழத்தோடு அவளுடைய போனையும் தட்டில் வைத்து அவள் அம்மா ஷர்மிளா கொண்டுவந்தார். சுகன்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எண்பத்து மூன்று.

"வெயிலூருக்கு இது பரவாயில்லைங்க," என்றார் சுகன்யா.

"எங்க பொண்ணு போனைத் தொடவே மாட்டாங்க," என்றார் ஷர்மிளா. சொல்லும்போது தட்டில் இருந்த வாழைப்பழத்தை நேராக்கினார். அவசியமே இல்லை, பழம் நேராகத்தான் இருந்தது.

தமயந்தியின் போன் உண்மையில் ஐம்பத்தெட்டு. எண்ணைக் கொஞ்ச நாளைக்கு ஏற்றிக் காட்டித் தருகிற கடைகள் எல்லா ஊரிலும் உண்டு, ஷர்மிளாவும் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. புருஷன் மஸ்கட்டில். அந்த வெயிலில் அவர் போன் எப்போதோ கம்பத்துக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் வரிசையில் நின்று பேசுவார். மகளும் இன்னும் ஒரு கோடையில் கம்பத்துக்குப் போய்விடுவாள் என்று ஷர்மிளாவுக்குத் தெரியும். மகன் போனில் இருக்கிற ஒரே இடத்தில் அவரே இருந்தார்; மகளைச் சுமக்க ஒருத்தன் வேண்டும். தாய்க்குத் தெரிந்த கணக்கு அது.

வழக்கப்படி பையனையும் பெண்ணையும் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். நிரஞ்சன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி எதிரே இருந்த மொட்டைப் பாறை மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசிப் பழக்கமில்லாதவன் என்பது பார்த்ததுமே தெரிந்தது. முகத்தில் அகம்பாவம் இல்லை, வார்த்தைதான் இல்லை.

"கேக்கணும்னா கேளுங்க," என்றாள் தமயந்தி.

"எண்பத்து மூணு... எப்படிங்க காப்பாத்தினீங்க?"

தமயந்திக்கு அந்த இடத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை. "காப்பாத்தல. அது அம்மா பண்ண வேலை. என்னுது அம்பத்தெட்டு."

அவன் திடுக்கிடவில்லை. "அப்ப எப்படிங்க தேய்ஞ்சது?" என்று கேட்டான். அதே குரலில்.

"கீழ உக்காந்துனு இருக்கானே, என் தம்பி முகுந்த், அவனுக்கு வண்டியில அடிபட்டு ரெண்டு வருஷம் சென்னை ஆஸ்பத்திரியில நெனவே இல்லாம கெடந்தான். உள்ள யாரையும் விடமாட்டாங்க. கட்டிலுக்குக் கட்டில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். தெரிஞ்ச குரல் காதுல விழுந்துனே இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. பேசினேன். காலையில கடையைத் திறந்ததுலேர்ந்து மூடற வரைக்கும்."

"சார்ஜ் போட்டுக்கிட்டேவா?"

"பின்ன? வயரைப் பிடுங்கினா சார்ஜ் தீந்து லைன் போயிடும். மே மாசத்துல கையில வெச்சா சுடும். ஈரத்துணி சுத்தி வெச்சுனு பேசினேன்."

"அய்யோ. சூடு, பேச்சு, சார்ஜு மூணும் ஒண்ணா. பேட்டரிக்கு அதை விடக் கெடுதல் இல்லைங்க." சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். "அவ்வளவு நேரம் என்ன பேசுவீங்க?"

"ஒரு மாசத்துல எல்லாம் பேசி முடிஞ்சிடுச்சு. அப்புறம் பேச ஒண்ணும் இல்ல. கடைக்கு வர்றவங்க கண் பவரைப் படிச்சேன். வலது கண் மைனஸ் ரெண்டு, இடது கண் மைனஸ் ரெண்டே கால், ஆக்ஸிஸ் நூத்தியெண்பது. அவன் கண்ணு முழிச்சதும் என்ன சொன்னான் தெரியுமா? 'ஆக்ஸிஸ் நூத்தியெண்பது'. டாக்டருங்க எல்லாம் பயந்துட்டாங்க."

நிரஞ்சன் சிரித்தான். சிரித்து முடித்ததும் அந்த முகம் சட்டென்று மாறியது.

"என்னோட போனை அம்மா ஊறுகாய் ஜாடியில வெச்சிருப்பாங்க," என்றான். "பீங்கான் ஜாடி, குளுகுளுன்னு இருக்கும். பாதி சார்ஜ்ல அணைச்சு வெச்சா தேயாதுன்னு. வெளிய எடுத்தா இருபதுக்குக் கீழ விடக் கூடாது, எண்பதுக்கு மேல ஏத்தக் கூடாது. வேலைக்கு நடந்தே போயிருவேன். எங்கப்பா கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல நெஞ்சு வலிச்சு உக்காந்தப்ப எனக்குத்தான் கூப்பிட்டாருங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்காரு. போன் ஜாடியில இருந்துச்சு. அந்த வருஷம் முழுக்க ஒரு சதவீதம்கூடக் கொறையல."

அவன் மேல் தமயந்திக்குப் பிரியம் வந்தது அந்த நிமிஷம்தான். அதைக் காதல் என்று சொன்னால் மிகை. ஆனால் கீழே இறங்கிப் போக அவளுக்கு மனசில்லை.

"அம்பத்தெட்டுன்னா என்னங்க," என்றான் அவன். "என்கிட்ட தொண்ணூத்து நாலு இருக்கே. ரெண்டு பேருக்கும் தாராளம்."

அவர்கள் கீழே இறங்கியபோது சுகன்யா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான். பேச்சு முகுந்தைப் பற்றித் திரும்பி, தரகர் அவனுடைய தொண்ணூற்றாறைப் புகழ ஆரம்பித்திருக்கிறார். அந்த இரண்டு வருஷமும் முகுந்தின் போன் தலைமாட்டில், ஏசி வார்டில், பாதி சார்ஜில் அணைந்து கிடந்தது. ஊரில் அவனுக்குப் பெண் கொடுக்க ஆளுக்கு ஆள் போட்டி. அடிபட்டதிலிருந்து மெதுவாகப் பேசுகிற முகுந்த், எல்லோரும் கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லியிருக்கிறான்: "அக்கா போனு... அம்பத்தெட்டு. என்னாலதான்... தேஞ்சது. அக்காவைத்தான்... புகழணும்."

நல்ல எண்ணத்தில் சொன்னான். வீட்டில் யாரும் அவனிடம் இது ரகசியம் என்று சொல்லி வைத்திருக்கவில்லை.

"ஏமாத்திட்டீங்களேங்க," என்றார் சுகன்யா ஷர்மிளாவிடம். கத்தவில்லை. கண் கலங்கியிருந்தது. "நிரஞ்சா, வா போலாம்." நிரஞ்சன் போனான். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அதுவும் செருப்பைத் தேடுகிற சாக்கில்.

மறுநாள் மாலை தமயந்தியின் போன் அடித்தது.

"ஜாடியிலேர்ந்து எடுத்துட்டேங்க," என்றான் நிரஞ்சன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தமயந்தி அன்றைக்கு வந்தவர்களின் கண் பவரைப் படித்தாள். மறுநாள் அவன் குன்னூரில் எந்த முக்கில் பனி எவ்வளவு என்று சொன்னான். அதற்கடுத்த வாரம் அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். பிறகு இருவருக்கும் விஷயத்துக்குத் தட்டுப்பாடே இல்லை. பேச்சு என்பது ஒரு தடவை திறந்துகொண்டால் அப்படித்தான்.

விஷயம் ஒன்று மட்டும் வெளியே வர மாசி ஆனது.

"நீங்க என்னைச் சுமக்கறேன்னு சொன்னீங்களே, இப்ப உங்க போன்ல யாரும் இல்லையா?"

"அம்மா இருக்காங்க," என்றான். "அவங்க போன் நாப்பத்தொண்ணு."

தமயந்திக்கு அப்போதுதான் சுகன்யாவின் கலங்கிய கண்கள் புரிந்தன. எண்பதுக்கு மேல் உள்ள மருமகள் வந்தால் அவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள். சுகன்யா மகன் போனிலேயே இருந்துவிடலாம். ஐம்பத்தெட்டு வந்தால் யாராவது இறங்க வேண்டும். அறுபது வயதில் குன்னூர் மேட்டில் கம்பத்துக்குக் கம்பம் நடப்பது யாரென்று கேட்கத் தேவையில்லை.

"இதை ஏன் மாடியில சொல்லல?"

"அப்ப தோணலைங்க. உங்களைக் கூட்டிட்டுப் போயிரணும்னு மட்டும்தான் தோணுச்சு."

"உங்கம்மாவை எறக்கிட்டு நான் ஏற மாட்டேன்," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும், இவன் எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்துவிடுவான் என்ற ஆசையும் கூடவே வந்து உட்கார்ந்தது. மனசு அவ்வளவு சுத்தமில்லை.

சித்திரையில் அவள் போன் நாற்பத்தொன்பதைத் தொட்டது. மறுநாள் காட்பாடி பஸ் அவளை ஏற்றவில்லை. பாலாற்றுப் பாலத்தை நடந்து கடந்து வேலைக்குப் போனாள், தாமதமாகப் போனாள், கடைக்காரர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலையை அரை நாளாகக் குறைத்துவிட்டார். பேசுவதானால் இனி பழ மார்க்கெட் பக்கத்துக் கம்பம்தான். வயரைச் செருகி, காதில் வைத்து, பின்னால் வரிசை நிற்க. நிரஞ்சன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவளும் போகாமல் இருக்கவில்லை.

"உங்க போன் எவ்வளவு இப்ப?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எண்பத்தேழு."

"போதும். நிறுத்துங்க. எண்பதைத் தாண்டி எறங்கினா உங்களால யாரையும் சுமக்க முடியாது. அம்மாவையும் சேத்துத்தான் சொல்றேன்."

"சரிங்க," என்றான். மறுநாளும் அடித்தான்.

ஐப்பசியில் அழைப்பு நின்றுபோனது. தமயந்தி தினமும் கம்பத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது, நல்லதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நல்லது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் தரகர் பாலமுரளி மறுபடியும் வீட்டு வாசலில் வந்து நின்றார். போன தடவை பட்ட அவமானத்தை அவர் மறந்துவிட்டிருந்தார். மறதி இல்லாமல் அந்தத் தொழில் செய்ய முடியாது.

"ஒரு வரன் இருக்குதும்மா. மலைப் பக்கம். உங்க பொண்ணு கம்பத்துல இருக்கறது அவங்களுக்குத் தெரியும். பரவாயில்லையாம்."

"எத்தினி சதவீதம்?" என்றார் ஷர்மிளா.

தரகர் தொண்டையைச் செருமினார். "எழுபத்தொம்பது."

"எழுபத்தொம்பதா! இன்னாங்க இது, ஒண்ணே ஒண்ணு கொறையுதே. எண்பது இருந்தாலாவது எங்க பொண்ணைச் சுமப்பான். மலைக் குளிர்ல இருந்துனு எழுபத்தொம்பதுக்கு வந்திருக்கான்னா, போனை அந்தப் பையன் இன்னாதான் பண்ணான்?" ஷர்மிளாவின் குரலில், பதினொரு மாதத்துக்குப் பிறகு, பெண்ணைப் பெற்றவளின் கெத்து திரும்பி வந்திருந்தது.

"அதே குன்னூர்ப் பையன்தாம்மா," என்றார் தரகர். "வர்ற தைக்கு ஒரு தொண்ணூத்தொண்ணு சதவீதப் பொண்ணு பேசி வெச்சிருந்தாங்க. இந்த எண்ணைப் பாத்ததும் பொண்ணு வீட்டுல எழுந்து போயிட்டாங்க."

சமையலறையில் இருந்த தமயந்தி அடுப்பை அணைத்தாள். போனையும் வயரையும் எடுத்துக்கொண்டாள். "எங்கடி போற?" என்று அம்மா கேட்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

கம்பத்தில் கூட்டமில்லை. செருகினாள். அடித்தாள்.

"என்ன பண்ணீங்க?" என்றாள் எடுத்ததும்.

"அம்மா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் தலைகீழாப் பண்ணேன்," என்றான் நிரஞ்சன். "நூறு வரைக்கும் ஏத்தினேன். கம்பளியில சுத்திக் கணப்புப் பக்கத்துல வெச்சேன். முழுக்க வடிய விட்டேன், திரும்ப நூறு. ஒரு மாசமா இதே வேலை. அந்த மாசம் முழுக்க உங்களைக் கூப்பிடல. கூப்பிட்டா நீங்க தடுத்திருப்பீங்க."

"ஏன்?"

"உங்களைச் சுமந்தா அம்மா எறங்கணும். அம்மாவைச் சுமந்தா நீங்க நடக்கணும். அம்மாவுக்கு அந்தத் தொண்ணூத்தொண்ணு வேணும். நான் யாரைன்னு எறக்கறது? என்னால முடியலைங்க."

தமயந்திக்கு ஆத்திரம் பொங்கியது. மார்க்கெட் என்றும் பாராமல் கத்தினாள். "அதுக்கு ரெண்டு பேரையும் எறக்கி வெச்சீங்களா? இதுக்குப் பேரு முடிவா? முடிவு எடுக்கப் பயந்துனு போனை எரிச்சிருக்கீங்க! நான் தினம் ஆத்தைத் தாண்டி நடக்கும்போது, என்னிக்காவது ஒரு நாள் உங்க போன்ல ஏறி பஸ்ஸுல போவேன்னு நெனச்சுதான் நடந்தேன். வேணாம்னு நான்தான் சொன்னேன். ஆனா நெனச்சேன். அதையும் எரிச்சிட்டீங்க."

"ஆமாங்க," என்றான் நிரஞ்சன். "தப்புதான்." பிறகு தயங்கி, "அம்மா பக்கத்துல இருக்காங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா கம்பத்துக்கு வந்திருக்காங்க. உங்களோட பேசணுமாம். அவங்க போன்ல கூப்பிடறாங்க. எடுப்பீங்களா?" என்றான்.

வைத்த உடனே புது எண் ஒன்று வந்தது. தமயந்தி எடுத்தாள். காற்றுச் சத்தமும் யாரோ இருமுகிற சத்தமும் கேட்டன.

"வயர் நிக்கவே மாட்டேங்குது," என்றார் சுகன்யா. வணக்கம் கிடையாது, விசாரிப்பு கிடையாது. "கையை எடுத்தா விழுந்துருது."

"கீழ் பக்கமா ஒரு வளைவு கொடுத்து மாட்டுங்க ஆன்ட்டி. வயரைக் கம்பத்துல ஒரு சுத்து சுத்திக்கோங்க."

சற்று நேரம் தடபுடல். பிறகு, "நின்னுருச்சு," என்றார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மேடு ஏறி வந்திருப்பார். "என் பையனோட போனைக் குடிச்சுட்டியே நீ."

"ஆமா ஆன்ட்டி."

"பதினஞ்சு வருஷம் பொத்திப் பொத்தி வெச்சேன். அந்த ஜாடியை ஊறுகாய்க்குக்கூடத் தொட்டதில்லை. எங்க வீட்டுக்காரர் சாவுக்கு ஒரு போன் எடுக்க முடியலை. அப்பவும் வெச்சேன். இனிமே மாத்தினா அவர் செத்தது வீணாப் போயிரும்னு வெச்சேன். புரியுதா உனக்கு?"

தமயந்தியின் கோபம் அந்த இடத்தில் நின்றது. "புரியுது," என்றாள்.

"இந்த வருஷம் பூரா பக்கத்து ரூம்ல அவன் பேசறது கேட்டுட்டே இருப்பேன். சின்ன வயசுல இருந்து அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவங்கப்பா மாதிரியே நடுநடுவுல சிரிக்கறான்." சுகன்யா நிறுத்தினார். பின்னால் யாரோ 'சீக்கிரம்மா' என்று அதட்டினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "தையில வெச்சுக்கலாம்னு தரகர்கிட்டச் சொல்லியிருக்கேன். உனக்குச் சம்மதம்னா. எழுபத்தொம்பதுக்குச் சம்மதமான்னு உங்கம்மாவையும் கேளு. நானும் பஸ் ஏற முடியாது, நீயும் ஏற முடியாது, எப்படின்னு ஒண்ணும் புரியலை."

"நடந்து வரேன் ஆன்ட்டி. பழக்கமாயிடுச்சு."

"அத்தைன்னே கூப்பிடு."

பழ மார்க்கெட்டில் ஒரு வண்டி கொய்யாப்பழத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தமயந்தியின் கையில் போன் சூடேறியது. துப்பட்டா நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, நான் இப்படிக் கம்பத்துல நின்னு யாரோடவும் பேசினதில்லை," என்றார் சுகன்யா. "வெச்சுடறதா, இன்னும் ஏதாவது சொல்லணுமா, தெரியலை. நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசுவீங்க?"

"முதல்ல பேச ஒண்ணும் இருக்காது அத்தை. கடைக்கு வந்தவங்க கண் பவரைப் படிச்சுக் காட்டுவேன்."

அந்தப் பக்கம் வயரை இன்னொரு சுற்று சுற்றுகிற சத்தம் கேட்டது.

"சரி," என்றார் சுகன்யா. "எனக்கும் படி."